பழைய வால்பேப்பரை சுவரு கெடாம உரிக்கறது எப்படி? முதல் தடவை பண்றவங்களுக்கு

வால்பேப்பர் உரிக்கணும்னு முடிவு பண்ணதும் எல்லாரும் முதல்ல கையில எடுக்கறது ஸ்க்ரேப்பர் தான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், ஒரு ஓரத்துல நெம்பிவிட்டு சுரண்ட ஆரம்பிச்சா அரை மணி நேரத்துல ரெண்டு கையகலத்துக்கு பேப்பர் வந்துச்சு, அதோட சுவரும் நாலு இடத்துல பேந்துகிட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் மூணு ரூம் பெருசா ஒரு கீறல்கூட இல்லாம முடிச்சிருக்கேன், வித்தியாசம் என்னன்னா தண்ணி. பேப்பரை சுவர்ல பிடிச்சு வச்சிருக்கறது பசை, அந்தப் பசை பெரும்பாலும் மாவுச்சத்து இல்லன்னா செல்லுலோஸ்ல செஞ்சது, ரெண்டுமே தண்ணி பட்டா இளகும். நல்லா ஊறிடுச்சுன்னா பேப்பர் தானா தொங்க ஆரம்பிச்சிடும், ஊறாம இழுத்தா அது சுவரையும் சேத்து இழுத்துட்டுத்தான் வரும். கீழ சொல்றது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் வரும், அவசரப்படாம படிங்க.

முதல்ல சுவரு என்ன சுவருன்னு பாருங்க

இதைப் பாக்காம யாரும் ஆரம்பிக்காதீங்க. விரல் முட்டியால சுவரைத் தட்டிப் பாருங்க. கல்லைத் தட்டின மாதிரி திடமா இருந்தா அது செங்கல் மேல பூசின பூச்சு சுவர், தண்ணிக்கு பெருசா பயப்பட வேண்டாம். உள்ள வெத்தா இருக்கற மாதிரி டொக்கு டொக்குன்னு சத்தம் வந்தா அது ஜிப்சம் போர்டு. ஜிப்சம் போர்டோட மேல்பக்கமே ஒரு கெட்டியான காகித அட்டை தான், அதாவது நீங்க பேப்பர் மேல ஒட்டின பேப்பரை உரிக்கப் போறீங்க. அது ரொம்ப நேரம் தண்ணி குடிச்சா உப்பிடும், ஸ்க்ரேப்பர் முனை பட்டா கிழிஞ்சிடும், அதுனால அங்க கொஞ்சம் கொஞ்சமா நனைச்சு கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். போர்டுக்கு ப்ரைமர், அதாவது பெயிண்டுக்கோ பேப்பருக்கோ முன்னாடி அடிக்கற அடிப்பூச்சு, அடிக்காம நேரா வால்பேப்பர் ஒட்டியிருந்தாங்கன்னா இன்னும் கஷ்டம், ரெண்டு காகிதமும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு இருக்கும், கொஞ்சம் அட்டை போகத்தான் செய்யும், அதை பின்னாடி சரி பண்ணிக்கலாம்.

அடுத்தது பேப்பர் என்ன வகை. ஈர ஸ்பாஞ்ச் வச்சு ஒரு இடத்துல துடைங்க. தண்ணியை உறிஞ்சி அந்த இடம் கருத்துப் போச்சுன்னா சாதா காகிதம், உங்களுக்கு வேலை சுலபம். தண்ணி முத்து முத்தா நின்னு வழிஞ்சு ஓடினா மேல வினைல் இருக்கு, அதாவது ஒரு பிளாஸ்டிக் தோல், அதைத் தாண்டி தண்ணி உள்ள போகாது. ரூமோட ஒரு மறைவான மூலைல, பீரோவுக்குப் பின்னாடியோ கதவுக்குப் பின்னாடியோ, ஒரு ஓரத்தை மெல்லிசான கத்தியால தூக்கிவிட்டு காஞ்ச நிலையிலயே இழுத்துப் பாருங்க. சமீப காலத்துல ஒட்டின நான்-வோவன் (நெய்யாம இழைகளைச் சேத்து அழுத்திச் செஞ்ச) வகையா இருந்தா அப்படியே மேலேர்ந்து கீழ வரைக்கும் முழு பட்டையா வந்துடும், அப்போ இந்தக் கட்டுரைல பாதி உங்களுக்குத் தேவையே இல்ல. வினைலா இருந்தா மேல்தோல் மட்டும் உரிஞ்சு வந்து, அடில வெள்ளையா இல்ல பழுப்பா ஒரு காகித லேயர் சுவர்லயே நிக்கும். அதுவும் நல்ல சேதி தான், அந்த அடி லேயர் தண்ணியை நல்லா குடிக்கும்.

ஸ்டிக்கர் மாதிரி பின்பக்கம் பசையோட வர்ற வகைக்கு தண்ணி உதவாது, ஹேர் டிரையரை குறைஞ்ச சூட்டுல வச்சு ஓரத்தை சூடு பண்ணி, மெதுவா சுவரை ஒட்டினாப்ல பின்னோக்கி மடக்கி இழுங்க. பிசுபிசுப்பு மிச்சம் இருந்தா சோப்புத் தண்ணி போட்டு துடைச்சா பெரும்பாலும் போயிடும்.

கையில என்னென்ன இருக்கணும்

ஸ்க்ரேப்பர் ரெண்டு, ஒண்ணு 4 அங்குலம் அகலம், இன்னொண்ணு மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் ஒண்ணரை அங்குலம். பட்டி பாக்கற (அதாவது சுவர்ல குழி, கீறலை கலவை வச்சு அடைக்கற) தகடே போதும், ஆனா அதோட ரெண்டு முனையையும் உப்புத்தாள்ல தேச்சு லேசா மழுக்கிடுங்க, சுவர்ல விழற கீறல்ல பாதி அந்தக் கூர் முனையாலதான் விழுது. கை ஸ்ப்ரே பாட்டில் ஒரு சுவருக்கு மேல கை வலிச்சிடும், செடிக்கு மருந்தடிக்கற பம்ப் ஸ்ப்ரேயர் சின்னதா புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க, பூச்சி மருந்து அடிச்ச பழசு வேண்டாம். ரெண்டு வாளி, பெரிய ஸ்பாஞ்ச் ரெண்டு மூணு, தரைக்கு கனமான பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல விரிக்க பழைய பெட்ஷீட், மாஸ்கிங் டேப், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, உறுதியா நிக்கற ஏணி, குப்பைப் பை நிறைய. பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் விரிச்சு அதுல நடந்தீங்கன்னா ஈரத்துல வழுக்கி விட்டுடும், அதுக்குத்தான் மேல துணி.

ரூமை ரெடி பண்றது

சாமானை வெளிய எடுங்க, எடுக்க முடியாததை நடுவுல தள்ளி மூடிடுங்க. தரை ஓரத்துல பிளாஸ்டிக் ஷீட்டை சுவர் அடிவரைக்கும் கொண்டுபோய் டேப் போட்டு ஒட்டுங்க, தண்ணி சுவரோரமாத்தான் இறங்கும், மரத் தரையா இருந்தா அந்த இடுக்குல புகுந்து கெடுத்துடும்.

அப்புறம் கரண்ட். அந்த ரூமுக்கு வர்ற பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க, சுவிட்சை மட்டும் ஆஃப் பண்றது கணக்குல வராது. ஆஃப் பண்ணதும் டெஸ்டர் வச்சு ஒவ்வொரு பிளக்லயும் கரண்ட் இல்லைங்கறதை உறுதி பண்ணிக்கிட்டு, சுவிட்ச் போர்டு மூடியைக் கழட்டி, உள்ள தெரியற பகுதியை டேப் போட்டு மூடிடுங்க. மூடிக்கு அடியிலயும் ஒரு விரல் அகலம் வால்பேப்பர் போயிருக்கும், அங்கேர்ந்து ஓரத்தைத் தூக்கறதும் சுலபம். வெளிச்சத்துக்கு பக்கத்து ரூம்லேர்ந்து வயர் இழுத்து ஒரு விளக்கு வச்சுக்கோங்க, தண்ணி தெறிக்காத தூரத்துல. முடிஞ்சா பகல்லயே வேலையை வச்சுக்கோங்க, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது மிச்சம் இருக்கற பேப்பரும் பசையும் கண்ணுக்கு நல்லா தெரியும்.

வீடு ரொம்ப பழசுன்னா இன்னொரு விஷயம். பல நாடுகள்ல 1970கள் வரைக்கும் வீட்டு பெயிண்ட்ல ஈயம் கலந்து வந்துச்சு, அந்தக் காலத்து ஜிப்சம் போர்டு இணைப்புல பூசின கலவைல ஆஸ்பெஸ்டாஸும் இருந்திருக்கு. 19ஆம் நூற்றாண்டுல ஆர்சனிக் கலந்த பச்சை நிறத்தை வால்பேப்பருக்கே பூசியிருக்காங்க, 1775ல வேதியியலாளர் ஷீலே கண்டுபிடிச்ச பச்சை நிறமி அதுல ஒண்ணு. இதெல்லாம் ஈரமா எடுக்கும்போது தூசி அதிகம் கிளம்பாது, காஞ்ச நிலைல சுரண்டினாலோ உப்புத்தாள் போட்டாலோ தான் தூசியா மாறி மூச்சுல போகும். அதுனால பழைய வீட்டுல அடில பெயிண்ட் தெரிஞ்சா அதைத் தேய்க்காதீங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு மேல போங்க, சின்னக் குழந்தைங்களும் கர்ப்பிணிங்களும் வேலை முடியற வரைக்கும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

இப்போ உரிக்கலாம்

வினைலா இருந்தா முதல்ல மேல்தோலை காஞ்சபடியே எவ்ளோ வருதோ அவ்ளோ உரிச்சிடுங்க. ரெண்டு பட்டை சேர்ற இணைப்புல இல்லன்னா கீழ் மூலைல ஆரம்பிங்க. இழுக்கற விதம் முக்கியம், உங்க பக்கமா நேரா இழுத்தா சுவரைப் பிச்சுக்கிட்டு வரும், பேப்பரை அது மேலேயே மடக்கின மாதிரி வச்சு சுவரோட உரசிக்கிட்டே மெதுவா மேல கொண்டு போங்க. கிழிய ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திட்டு வேற இடத்துல தொடங்குங்க.

மேல்தோல் வராம அடம்பிடிச்சா அதுல ஓட்டை போடணும், அப்பதான் தண்ணி உள்ள போகும். அதுக்குன்னே உள்ளங்கையில பிடிக்கற மாதிரி பல் சக்கரம் வச்ச ஒரு கருவி விக்குது, சுவர்ல வட்டம் வட்டமா சுத்தினா பொடி ஓட்டையா விழும். இதுல நிறைய பேர் பண்ற தப்பு, அழுத்தி அழுத்தி சுத்தறது. ஓட்டை பேப்பரோட நிக்கணும், சுவருக்குள்ள போச்சுன்னா நூத்துக்கணக்குல குழி விழும், அத்தனைக்கும் பட்டி பாக்கணும். ஜிப்சம் போர்டுல இந்தக் கருவியை நான் தொடவே மாட்டேன், அங்க கரடான உப்புத்தாளால மேல்தோலை மட்டும் லேசா உரசி விட்டா போதும். வால்பேப்பர் மேல யாராவது பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தாலும் அந்தப் பெயிண்டும் தண்ணியைத் தடுக்கும், அதையும் உரசித்தான் வழி பண்ணணும், முந்தி சொன்ன பழைய பெயிண்ட் எச்சரிக்கையை மனசுல வச்சுக்கிட்டு.

தண்ணி. கை பொறுக்கற அளவுக்கு நல்ல சூடா இருக்கணும், ஆறிப்போன தண்ணி பாதி வேலைதான் செய்யும். அதுல ஏதாவது கலந்துக்கலாம்: பாத்திரம் தேய்க்கற லிக்விட் சில சொட்டு, இல்லன்னா துணிக்குப் போடற கண்டிஷனர் ஒரு பங்குக்கு தண்ணி நாலு பங்கு, இல்லன்னா வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு தண்ணி அஞ்சு பங்கு. லிக்விடும் கண்டிஷனரும் என்ன பண்ணுதுன்னா, தண்ணி முத்து முத்தா நிக்கற குணத்தைக் குறைச்சு பேப்பருக்குள்ள இறங்க வைக்குது. ஏதாவது ஒண்ணு போதும், எல்லாத்தையும் கலக்க வேண்டாம், வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரே வாளில சேத்துடாதீங்க, குளோரின் வாயு வரும், மூடின ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. கடைல வால்பேப்பர் எடுக்கறதுக்குன்னே என்சைம் போட்ட கரைசல் கிடைக்கும், மாவுப் பசையை அது நல்லா உடைக்கும், பழைய காலத்து பேப்பருக்கு வாங்கலாம். நான் பெரும்பாலும் சுடுதண்ணியும் லிக்விடும் தான் போடறேன், கழுவி எடுக்க சுலபம்.

ஒரு தடவைக்கு ஒரு ஆள் கை விரிக்கற அகலம் மட்டும் எடுத்துக்கோங்க. மேலேர்ந்து அடிங்க, வழியற தண்ணி கீழ் பகுதியை ஊற வைக்கும். அடிச்சிட்டு உடனே ஸ்க்ரேப்பரை எடுக்காம 10 நிமிஷம் விடுங்க, மறுபடி அடிங்க, இன்னொரு 5 இல்ல 10 நிமிஷம். இந்த இடைவெளில பக்கத்து பகுதியை நனைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா நேரம் வீணாகாது, நீங்க ஒண்ணை உரிக்கும்போது அடுத்தது ஊறிக்கிட்டு இருக்கும், அப்படியே ஒரு ஓட்டத்துல போகும். ஃபேன் போடாதீங்க, ஏசியும் வேண்டாம், ஊறறதுக்குள்ள காய வச்சிடும். ரொம்ப கெட்டியான பகுதியா இருந்தா நனைச்ச உடனே மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட்டை அது மேல ஒட்டின மாதிரி விரிச்சு விட்டுடுங்க, ஈரத்துலயே அது சுவர்ல பிடிச்சு நிக்கும், பூச்சு சுவரா இருந்தா ரெண்டு மணி நேரம்கூட விடலாம். போர்டுக்கு இது வேண்டாம்.

ஊறினது எப்படித் தெரியும்? பேப்பர் நிறம் மாறி, அங்கங்க உப்பி சுருங்கும், விரலால தள்ளினா வழுக்கிக்கிட்டு நகரும். அப்போ ஸ்க்ரேப்பரை சுவரோட கிட்டத்தட்ட படுத்தாப்ல, ரொம்ப குறைஞ்ச சாய்வுல பிடிச்சு, தள்ளுங்க. கையில பலம் போட வேண்டிய தேவை வந்துச்சுன்னா அந்த இடம் இன்னும் ஊறலைன்னு அர்த்தம், மறுபடி நனைங்க. மறுபடியும் வரலன்னா மறுபடியும் நனைங்க. எனக்கு இந்தப் பொறுமை வர்றதுக்கு ஒரு முழு ரூம் ஆச்சு, பத்து நிமிஷம் சும்மா நிக்க முடியாம சுரண்டின இடத்துக்கெல்லாம் அப்புறம் ரெண்டு நாள் பட்டி பாத்தேன்.

ரெண்டு மூணு பேப்பர் ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டியிருந்தா எல்லாத்தையும் ஒரே தடவைல எடுக்க நினைக்காதீங்க, ஒவ்வொரு லேயரா இறங்குங்க. உரிஞ்சு விழற ஈரப் பேப்பரை அப்பப்போ பைக்குள்ள போட்டுக்கிட்டே வாங்க. பின்பக்கம் பசை இருக்கறதால தரைல கிடந்து காஞ்சா அங்கயே ஒட்டிக்கும், கால் வச்சா வழுக்கும், ஏணி காலுக்கு அடில ஒரு துண்டு கிடந்தாலே போதும் விபத்துக்கு.

ஸ்டீமர் தேவையா?

தண்ணிக்கு மசியாத பழைய கெட்டிப் பேப்பர், புடைப்பு டிசைன் போட்ட கனமான வகை, நாலஞ்சு லேயர், இதுக்கெல்லாம் ஸ்டீமர் நல்லா வேலை செய்யும், வாடகைக்கும் கிடைக்கும். தட்டை பேப்பர் மேல 20, 30 செகண்ட் வச்சிட்டு நகத்தி, அந்த இடத்தை உடனே சுரண்டணும். பூச்சு சுவர்ல கூட ஒரே இடத்துல ரொம்ப நேரம் வச்சா பழைய பூச்சு இளகி பேந்துடும், ஜிப்சம் போர்டுல அரை மனசோட, 10 செகண்டுக்கு மேல போகாம. தட்டோட ஓரத்துலேர்ந்து கொதிக்கற தண்ணி சொட்டும், தலைக்கு மேல பிடிச்சா நேரா கை வழியா உள்ள இறங்கும், அதுனால முழுக்கை சட்டை, நீளமான கையுறை, கண்ணாடி மூணும் கட்டாயம். தலைக்கு மேல பிடிக்காம ஏணில ஏறி நெஞ்சு உயரத்துல வச்சு வேலை பாருங்க.

பேப்பர் போச்சு, பசை இருக்கு

இங்கதான் முக்கால்வாசி பேர் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு பெயிண்ட் டப்பாவைத் திறக்கறாங்க. பேப்பர் போனதும் சுவரு சுத்தமா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா மெல்லிசா ஒரு படலம் பசை முழுக்க இருக்கும். அது மேல தண்ணி கலந்த பெயிண்ட் அடிச்சா பசை மறுபடி ஈரமாகி உப்பும், காயும்போது சுருங்கும், பெயிண்ட் முதலைத் தோல் மாதிரி வெடிக்கும், கொஞ்ச நாள்ல செதில் செதிலா உதிரும். என் முதல் ரூம்ல ஜன்னலுக்கு மேல இருந்த ஒரு பட்டைல இப்படித்தான் ஆச்சு, அந்த இடத்துல மட்டும் கழுவாம விட்டிருந்தேன், கடைசில பெயிண்டையும் சுரண்டி, பசையையும் கழுவி, மறுபடி முதல்லேர்ந்து.

பசை இருக்கான்னு கண்டுபிடிக்க, உள்ளங்கையை ஈரமாக்கி சுவர்ல தடவுங்க. வழவழன்னு சோப்பு மாதிரி இருந்தா பசை இருக்கு, சொரசொரன்னு இருந்தா போயிடுச்சு. இன்னொரு வழி, காயத்துக்குப் போடற அயோடினை தண்ணியில நல்லா நீர்த்து ஒரு சின்ன இடத்துல ஸ்ப்ரே பண்ணுங்க, மாவுப் பசை இருந்தா நீலமா, கருநீலமா மாறும். மாவுப் பசைக்கு மட்டும்தான் இது காட்டும், செல்லுலோஸ் பசைக்கு நம்ப முடியாது. கிழிஞ்ச ஜிப்சம் போர்டு மேலயும் இதைப் பண்ணாதீங்க, அந்த அட்டையிலயே மாவுச்சத்து இருக்க வாய்ப்பிருக்கு, ஏமாத்திடும். மொத்தத்துல கை வச்சுப் பாக்கறதுதான் எனக்கு நம்பிக்கை.

கழுவறதுக்கு ரெண்டு வாளி வச்சுக்கோங்க, ஒண்ணுல சுடுதண்ணியும் லிக்விடும், இன்னொண்ணுல வெறும் தண்ணி. முதல் ஸ்பாஞ்ச்ல வட்டமா தேச்சு பசையைக் கிளப்புங்க, கெட்டியா இருந்தா ஸ்க்ரேப்பரால வழிச்சு எடுங்க, ஜவ்வு மாதிரி வரும், அப்புறம் ரெண்டாவது ஸ்பாஞ்ச்ல நல்ல தண்ணி போட்டு துடைங்க. தண்ணி கலங்கினா உடனே மாத்துங்க, கலங்கின தண்ணியில துடைச்சா அதே பசையைத்தான் மறுபடி பூசறீங்க. ஒரு சுவருக்கு மூணு நாலு தடவை தண்ணி மாத்தறது சாதாரணம். வினிகர், கண்டிஷனர் எது போட்டிருந்தாலும் கடைசியா ஒரு தடவை வெறும் தண்ணியில அலசணும். போர்டா இருந்தா ஸ்பாஞ்சை நல்லா பிழிஞ்சுட்டு துடைங்க.

பேப்பருக்குப் பின்னாடி கருப்பு புள்ளியா பூஞ்சை தெரியலாம், அதுவும் வினைலுக்குப் பின்னாடி வெளிச்சுவர்ல இது அடிக்கடி தெரியும், ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கி வர்றது. தெரிஞ்சா என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு, ஈரமாவே துடைச்சு எடுங்க, காஞ்சதைத் தட்டிவிட்டா காத்துல பரவும். அதைவிட முக்கியம் ஓதம் எங்கேர்ந்து வருதுன்னு பாக்கறது, பைப் கசிவோ வெளிச்சுவர் விரிசலோ அதை அடைக்காம மேல என்ன அடிச்சாலும் நிக்காது. போர்டே ஊறி மெத்துன்னு ஆயிருந்தா அந்தத் துண்டை வெட்டி மாத்தறதுதான் ஒரே வழி.

காய விட்டு, பட்டி பாத்து, ப்ரைமர்

இப்போ ஜன்னலைத் திறங்க, ஃபேனைப் போடுங்க. குறைஞ்சது ஒரு முழு நாள், ஈரப்பதமான காலமா இருந்தா ரெண்டு மூணு நாள் காயட்டும். சுவரோட நிறம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வெளுத்திருக்கணும், திட்டுத் திட்டா கருப்பா இருந்தா இன்னும் ஈரம் இருக்கு.

பூச்சு சுவர்ல பள்ளம், கீறல் இருந்தா பட்டி பாத்து, காஞ்சதும் 120, 150 நம்பர் உப்புத்தாள் போட்டு தேய்ங்க, விரல் நுனியால தடவிப் பாத்தா கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். ஜிப்சம் போர்டுல அட்டை கிழிஞ்ச இடத்துக்கு நேரா பட்டி வைக்காதீங்க, அந்தப் பழுப்பு நிற உள் காகிதம் பட்டியோட ஈரத்தைக் குடிச்சு கொப்புளமா எழும்பும். ஓரத்துல தொங்கற பிசிறை பிளேடால வெட்டி எடுத்துட்டு, எண்ணெய் கலந்த ப்ரைமரோ ஷெல்லாக் (அரக்குல செஞ்ச) ப்ரைமரோ ஒரு கோட் அடிச்சு அதை மூடுங்க, அது காஞ்சப்புறம் மெல்லிசா பட்டி, தேய்ச்சு, மறுபடி மெல்லிசா ஒண்ணு.

கடைசியா சுவர் முழுக்க ப்ரைமர். எவ்ளோ கழுவினாலும் துளித்துளியா பசை எங்கயாவது தங்கியிருக்கும், அதைக் கிளப்பிவிடாத ப்ரைமரா எடுக்கணும், அதுக்கும் எண்ணெய் இல்ல ஷெல்லாக் வகைதான் நல்லது. ரெண்டுமே வாடை அதிகம், சீக்கிரம் தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சு, பக்கத்துல எந்த நெருப்பும் இல்லாம அடிங்க. இது காஞ்சப்புறம் வழக்கமான தண்ணி பெயிண்டை மேல தாராளமா அடிக்கலாம்.

நேரக் கணக்கு கேட்டீங்கன்னா, 10க்கு 12 அடி ரூமுக்கு ரெண்டு பேர் சேந்தா உரிக்க ஒரு நாள், கழுவ அரை நாள், அப்புறம் காயற நாள் தனி. ஒரே வார இறுதில பெயிண்ட் வரைக்கும் முடிச்சிடலாம்னு திட்டம் போடாதீங்க.

பெயிண்ட் வேண்டாம், புது வால்பேப்பர் தான் ஒட்டப் போறேன்னு சொன்னாலும் கழுவறதும் ப்ரைமரும் அப்படியே பண்ணணும், ப்ரைமர் மட்டும் வால்பேப்பருக்குன்னு வர்றதா வாங்குங்க. அது பசையை சுவருக்குள்ள இறங்க விடாது, அடுத்த தடவை உரிக்கறவங்களுக்கு அந்தப் பேப்பர் சுவரைக் கெடுக்காம கழண்டு வரும்.